ஊசி எழாத பழைய ஆர்.பி.எம். மீட்டர்: கரண்ட் கொடுத்துச் சரிசெய்யும் முறை

போன மாசியில் ஒரு காலை, ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாடிப் பட்டறைக்கு அப்பாவின் பழைய சினேகிதர் வந்தார். துணிப்பையில் பேப்பர் சுற்றிய வட்டமான ஆர்.பி.எம். மீட்டர் ஒன்று, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது, டிபன் பாக்ஸ் அளவுக்குத் தகரப் பெட்டி ஒன்று.

"சோழவரத்துல ஓடின வண்டியோடது பாப்பா. எஞ்சின் ஓடுது, லைட்டு எரியுது. இந்த ஊசி மட்டும் ஏந்திரிக்கவே மாட்டேங்குது."

"வச்சுட்டுப் போங்க பெரியப்பா. பார்க்கிறேன்" என்றேன். அப்பா இருந்திருந்தால் அன்று மதியச் சாப்பாட்டை மறந்திருப்பார். காசிமேட்டுப் படகுகளின் மீட்டர், லாரி மீட்டர் என்று காலமெல்லாம் ஊசிகளோடு வாழ்ந்தவர். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இந்த வேலை.

அந்த வண்டி தண்டையார்பேட்டையில் ஒரு ஷெட்டில் நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவ டிஸ்போசலில் வந்த ஃபோர்டு லாரியின் வி8 எஞ்சின். கையால் கட்டிய சேஸிஸ். தகரம் தட்டிச் செய்த உடம்பு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டிக்கு ஹாட் ராட் என்று பேர். 1932-இல் ஃபோர்டு தன் வி8 எஞ்சினை மலிவு விலைக் காரில் வைத்து விற்றது. அந்தக் கார்கள் பழசானதும் இளைஞர்கள் வாங்கி, மட்கார்டைக் கழற்றி, கூரையை வெட்டித் தாழ்த்தி, கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். நமக்கு அப்படி வாய்த்த இடம் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதை. இருங்காட்டுக்கோட்டைப் பாதை வருவதற்கு முன்னால், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை அங்கேதான் நடத்தியது. 'ஸ்பெஷல்' என்று சொல்லப்பட்ட கைவேலை வண்டிகள் அங்கே ஓடின.

அந்த மாதிரி வண்டியின் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, நூறு கலரில் மின்னும் புது மீட்டர் மாட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பழைய ஊசியை மறுபடி ஓடவைக்க முடியும். முதலில் அந்த மீட்டர் நம்மிடம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் திருப்புளியை எடுத்துவிட்டால் பாதி வேலை கெட்டுவிடும்.

திறக்கும் முன்

மூன்று விஷயங்களைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை வோல்ட்? ஃபோர்டு கார்கள் 1955 வரை 6 வோல்ட், 1956-இலிருந்து 12. செவர்லே கார்கள் ஒரு வருடம் முன்னால், 1955-இலேயே 12-க்கு வந்துவிட்டன. வண்டியில் இப்போது இருக்கும் பேட்டரியை வைத்து மீட்டரை முடிவு பண்ண வேண்டாம். நடுவில் யாராவது மாற்றியிருப்பார்கள். தண்டையார்பேட்டை வண்டியிலும் அப்படித்தான்: பிறந்தது 6 வோல்ட், இப்போது 12.

எது எர்த்? அந்தக் காலத்து ஃபோர்டுகளிலும் பல இங்கிலாந்து வண்டிகளிலும் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். மீட்டரின் முகத்திலோ பெட்டியின் மூடியிலோ எர்த் எது என்று எழுதியிருந்தால் அதை நம்புங்கள். தலைகீழாகக் கொடுத்தால், உள்ளே இருக்கும் பழைய டிரான்சிஸ்டர் புகைகூட விடாமல் அந்த நொடியே போய்விடும்.

எப்படி எண்ணுகிறது? இதில் மூன்று ஜாதி உண்டு. கேபிள் சுற்றி ஓடுவது ஒன்று. இக்னிஷன் காயிலில் பாயின்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சுவிட்ச்) பக்கத்து வோல்டேஜைப் பார்த்து எண்ணுவது இன்னொன்று. காயிலுக்குப் போகும் கரண்டைப் பார்த்து எண்ணுவது மூன்றாவது. இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் மீட்டர்களில் முகத்தின் அடியில் ஆர்விஐ என்று பொடி எழுத்தில் இருந்தால் அது இந்த ஜாதி.

அப்புறம் சிலிண்டர் கணக்கு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி வாங்கும். ஆகவே நாலு சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு 2 பொறி, ஆறுக்கு 3, எட்டுக்கு 4. எட்டு சிலிண்டர் மீட்டரை நாலு சிலிண்டர் ஃபியட்டில் மாட்டினால் பாதிதான் காட்டும். மீட்டர் கெட்டுப்போனது என்று அதைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு.

கேபிள் மீட்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கரண்டே வேண்டாம். உள்ளே ஒரு காந்தம் சுற்றும், அதைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணம் அதன் இழுப்பில் திரும்பும், மயிரிழை போன்ற சுருள் ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். ஊசி ஆடினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளை உருவி, பெட்ரோலில் கழுவி, எஞ்சின் பக்கத்திலிருந்து முக்கால் நீளத்துக்கு மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கத்துக் கால்பங்கை வறட்சியாக விடுங்கள். முழுக்கத் தடவினால் கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முகத்தையும் ஊசியையும் காப்பாற்றுவது

சுற்று வளையம் இரண்டு விதம். ஸ்மித்ஸ் வளையம் சின்ன நாக்குகளில் சிக்கி நிற்கும். அமுக்கித் திருப்பினால் நாக்குகள் பள்ளத்துக்கு வந்து கழன்றுவிடும். பல அமெரிக்க மீட்டர்களில் வளையத்தின் ஓரத்தை மடித்து அடித்திருப்பார்கள். அதற்கு முனை மழுங்கிய சின்னத் திருப்புளி போதும். ஒரே இடத்தில் நெம்பாமல், கோலம் சுற்றுகிற மாதிரி வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் துளித்துளியாகத் தூக்குங்கள். நாலு சுற்றில் திறக்கும். அவசரப்பட்டால் வளையம் கிழியும், கிழிந்த வளையத்துக்கு ஜோடி கிடைப்பது கஷ்டம்.

முகத்தட்டை தண்ணீர், ஸ்பிரிட், தின்னர் எதைக் கொண்டும் துடைக்காதீர்கள். நான் வேலை கற்ற முதல் வருடம், ஒரு மீட்டரின் முகத்தைத் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்து, 4 என்ற எண்ணை முழுசாக அழித்துவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மை, நுனிப் பிரஷ் இரண்டையும் வாங்கிவந்து மேசையில் வைத்தார். அன்றிலிருந்து முகத்தட்டுக்கு மெல்லிய உலர்ந்த பிரஷும் ரப்பர் பல்பின் காற்றும் மட்டும்தான்.

இன்னொரு எச்சரிக்கை. போர்க்கால ராணுவ வண்டிகளின் மீட்டரில் எண்களும் ஊசியும் இருட்டில் ஒளிர ரேடியம் சாயம் பூசியிருக்கலாம். இப்போது ஒளிராது, பழுப்பேறிக் கட்டியாகத் தெரியும். ஒளிரவில்லை என்பதால் கதிர்வீச்சு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், தேய்க்காதீர்கள். திறக்காமல் மூடி ஓரமாக வையுங்கள்.

எங்கள் பகுதியில் கடல்காற்று பெரிய எதிரி. கண்ணாடிக்கு உள்பக்கம் பூஞ்சை, காந்த இடுக்கில் துரு. கண்ணாடியைத் தனியாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். காந்த இடுக்கில் ஒட்டிய இரும்புத் துகளைச் சுவரில் போஸ்டர் ஒட்டும் பசைக் களிமண்ணை ஊசி முனை அளவு உருட்டி, தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும். ஊசி நிற்கும் கல் தாங்கிகளில் எண்ணெய் விடாதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் தூசியைச் சேர்த்து ஆறு மாதத்தில் ஊசியை ஒட்டவைத்துவிடும்.

இப்போது ஊசிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கலாம். மல்டிமீட்டரின் ஓம்ஸ் ரேஞ்சை நேராக வைக்க வேண்டாம், சில மீட்டரில் அது அதிகக் கரண்ட் அனுப்பி ஊசியை முட்டவைக்கும். 1.5 வோல்ட் செல் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்று, மில்லி ஆம்பியரில் வைத்த மல்டிமீட்டர், இத்தனையையும் பழைய மீட்டரோடு வரிசையாக இணையுங்கள். கன்ட்ரோல் முழு ரெசிஸ்டன்ஸில் இருக்கட்டும். மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் ஊசி நகரும். கடைசிக் கோட்டைத் தொடும்போது எத்தனை மில்லி ஆம்பியர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் பின்னால் கட்டாயம் வேண்டும். பிறகு மீட்டரைச் செங்குத்தாக, படுக்கையாக, பக்கவாட்டில் என்று திருப்பிப் பாருங்கள். பூஜ்யம் நகர்ந்தால், ஊசியின் வாலில் இருக்கும் எடைச் சுருள் இடம் மாறியிருக்கிறது. முள் இடுக்கியால் மயிரிழை நகர்த்தினால் போதும்.

பெரியப்பா கொண்டுவந்த மீட்டரின் ஊசி இந்தச் சோதனையில் அழகாக எழுந்தது. அப்படியென்றால் நோய் தகரப் பெட்டியில்.

பெட்டிக்குள் இருந்த பேட்டரி

மீட்டர் சிகாகோவின் சன் எலெக்ட்ரிக் செய்தது. அந்தக் கம்பெனி எஞ்சின் சோதிக்கும் கருவிகளுக்குப் பேர்போனது. 1950-களின் ஹாட் ராட் ஆட்களுக்கு சன் மீட்டர் என்றால் தனி மரியாதை. அதில் ஊசி மட்டும் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும். எண்ணும் வேலையைச் செய்யும் பெட்டி தனியாக எஞ்சின் பக்கம் இருக்கும். பெட்டிக்குள் அதற்கென்றே மெர்குரி பேட்டரி.

வண்டியிலேயே பேட்டரி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். பெட்டி செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் விடை தெரிந்துவிடும். பாயின்ட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு கப்பாசிட்டர் நிறைந்து ஊசிக்குள் காலியாகிறது. ஆழாக்கில் அரிசி அளப்பது மாதிரி, ஒரு பொறிக்கு ஓர் ஆழாக்கு மின்சாரம். நிமிடத்துக்கு எத்தனை ஆழாக்கு விழுகிறதோ அந்த உயரத்துக்கு ஊசி நிற்கும். ஆழாக்கின் அளவைத் தீர்மானிப்பது வோல்டேஜ். வண்டியின் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது இறங்கும், டைனமோ ஓடும்போது ஏறும். ஆழாக்கே சுருங்கி விரிந்தால் அளவு எப்படிச் சரியாகும்? மெர்குரி செல் அப்படியில்லை, செல்லுக்கு 1.35 வோல்ட் என்று சாகும் வரைக்கும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். அதனால் அதை வைத்தார்கள்.

இப்போது மெர்குரி பேட்டரி கிடைக்காது. அமெரிக்காவில் 1996 சட்டத்தோடு அதன் விற்பனை நின்றது. மெர்குரி விஷம், நின்றது நல்லதுதான். சாதாரண ஆல்கலைன் செல்லைச் சொருகிச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது புதிதில் 1.5-க்கு மேல் இருந்து, போகப் போக 1 வோல்ட் வரை இறங்கும். முதல் மாதம் அதிகம் காட்டும், ஆறாம் மாதம் குறைத்துக் காட்டும். ஊசி குறைத்துக் காட்டுகிறது என்பது தெரியாமல் எஞ்சினை விரட்டினால் கனெக்டிங் ராட் போய்விடும்.

பழைய பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, நசுக்காமல் எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மின்கழிவு எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் கொடுங்கள். குப்பையிலோ கால்வாயிலோ போடாதீர்கள். கசிந்த இடத்தைக் கொஞ்சம் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு சுத்தத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

பேட்டரிக்குப் பதில் ரெகுலேட்டர் வைக்கலாம். பழைய பேட்டரியில் எத்தனை செல் என்று எண்ணி 1.35-ஆல் பெருக்குங்கள். நாலு செல் என்றால் 5.4 வோல்ட். எல்எம்317 ரெகுலேட்டர் ஒன்று, அதன் வெளியீட்டிலிருந்து அட்ஜஸ்ட் காலுக்கு 120 ஓம், அங்கிருந்து எர்த்துக்கு 500 ஓம் பிரீசெட், அதாவது திருப்புளியால் திருப்பி அளவை மாற்றும் ரெசிஸ்டர். பிரீசெட்டைத் திருப்பினால் வேண்டிய வோல்டேஜ் கிடைக்கும். எல்எம்317-க்கு வாங்கும் வோல்டேஜ் கொடுப்பதைவிட 3 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். அதனால் இன்னும் 6 வோல்ட்டிலேயே ஓடும் வண்டிக்கு இதை நேராக வைக்க முடியாது. முதலில் வோல்டேஜை ஏற்றும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பேட்டரி என்பது எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்பது. அதன் பாசிட்டிவ் பெட்டியின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், இரண்டு முனையும் உடம்பைத் தொடாமலும் இருக்கலாம். மல்டிமீட்டரால் பார்த்துவிடுங்கள். நெகட்டிவ் மட்டும் உடம்பில் இருந்து, வண்டியும் நெகட்டிவ் எர்த்தாக இருந்தால் மேலே சொன்னதே போதும். மற்ற எல்லா நிலைக்கும், 9 முதல் 18 வோல்ட் வரை வாங்கி, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தொடர்பில்லாமல் 9 வோல்ட் தரும் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் ஒன்றை முன்னால் வையுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். கேட்கும்போது 'ஐசொலேட்டட்' என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வோல்டேஜை இறக்க மட்டும் செய்யும் சாதாரண பக் கன்வெர்ட்டரைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் 1 ஆம்பியர் ஃப்யூஸ், 1என்4007 டையோடு, அதன்பின் எர்த்துக்கு, மிஞ்சிய வோல்டேஜை வெட்டும் 18 வோல்ட் ஜெனர் டையோடு, 35 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். வண்டிக் கரண்ட் வீட்டுக் கரண்டைவிட முரடு. பேட்டரி டெர்மினல் ஒரு நொடி லூசானாலும் எகிறும்.

பொறியைக் கொண்டுவந்து சேர்ப்பது

தண்டையார்பேட்டை வண்டியின் சிக்கல் இங்கேதான் இருந்தது. பெட்டி பாசிட்டிவ் எர்த்துக்கு ஒயர் போட்டது, வண்டியை நெகட்டிவுக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டியின் உள்வேலையைத் தலைகீழாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பெட்டியை அப்படியே வைத்து, அதற்கு முன்னால் ஒரு பொய்ப் பாயின்ட் வைத்தேன்.

இது பிசி817 என்ற நாலு கால் ஆப்டோகப்ளர். உள்ளே ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்த்து மூடும் டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் நடுவில் ஒயர் தொடர்பு கிடையாது. சாவிக்குப் பின்னால் வரும் 12 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர், அப்புறம் எல்இடி, அப்புறம் 1என்4007 டையோடு, அதன் முனை காயிலின் பாயின்ட் பக்கத்து டெர்மினலுக்கு. பாயின்ட் மூடியிருக்கும்போது எல்இடி எரியும். பாயின்ட் திறந்தால் அந்த டெர்மினலில் சில நூறு வோல்ட் குதிக்கும், அதை 1என்4007 தடுத்து நிறுத்தும். அந்த டையோடை விட்டுவிட்டால் எல்இடி முதல் பொறியிலேயே செத்துவிடும். எல்இடிக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4148 போட்டால் இன்னும் பாதுகாப்பு.

மறுபக்கத்து டிரான்சிஸ்டரை, பெட்டி பாயின்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் இணைத்தேன். கலெக்டர் எப்போதும் பாசிட்டிவ் பக்கம். பெட்டியின் உடம்பையும் மீட்டரின் உடம்பையும் வண்டியின் உடம்பைத் தொடாதபடி ரப்பர் வாஷர் வைத்துப் பிரித்தாகிவிட்டது. இதில் ஒன்றை மறக்கக் கூடாது: மீட்டர் விளக்கு பல்ப் பெரும்பாலும் மீட்டரின் உடம்பு வழியாகத்தான் எர்த் வாங்கும். உடம்பைப் பிரித்தால் பல்புக்குத் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும், ஹோல்டரும் உடம்பைத் தொடக் கூடாது. 6 வோல்ட் பல்பை 12-க்கு மாற்றவும் இதுதான் நேரம். அதிக வாட் போடாதீர்கள், சூட்டில் முகத்தட்டு பழுக்கும்.

ஆர்விஐ ஜாதி மீட்டருக்கு இவ்வளவு பாடு இல்லை. காயிலுக்குப் போகும் ஒயர் மீட்டரின் முதுகில் ஒரு வளையமாகச் சுற்றிப் போகும், அவ்வளவுதான் தொடர்பு. எர்த் மாற வேண்டுமென்றால் உள்ளே கரண்ட் வரும் முனையையும் உடம்புக்குப் போகும் முனையையும் இடம் மாற்றிச் சால்டர் பண்ணி, அந்த வளையத்தை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். வளையத்தை மறந்தால் ஊசி எழாது, எழுந்தாலும் துள்ளும்.

காயிலுக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன், அதிலும் கப்பாசிட்டரில் மின்சாரம் சேர்த்துப் பொறி கொடுக்கும் சிடிஐ வைத்திருந்தால், பழைய மீட்டர் காயிலை நேராகச் சரியாகப் படிக்காமல் போகலாம். அந்த இக்னிஷன் பெட்டியில் பெரும்பாலும் மீட்டருக்கென்று தனி டெர்மினல் இருக்கும். 12 வோல்ட் சதுர அலை தரும். அதிலிருந்து எடுங்கள்.

பெட்டி தேறாவிட்டால்

பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வருடம் போகப் போக ஓம்ஸ் ஏறிவிடும். காகிதக் கப்பாசிட்டர் கசியும். ஒவ்வொன்றையும் ஒரு காலைக் கழற்றி அளந்து, பத்து சதவீதத்துக்கு மேல் விலகியதை மாற்றுங்கள். இதிலேயே பாதிப் பெட்டிகள் எழுந்துவிடும். டிரான்சிஸ்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ போயிருந்தால் மட்டும் அடுத்த வழி: எல்எம்2917 என்ற ஐசி. இதுவும் அதே ஆழாக்குக் கணக்குதான். உள்ளேயே 7.56 வோல்ட் ஜெனர் இருப்பதால் 12 வோல்ட்டிலிருந்து 470 ஓம் வழியாகக் கொடுத்தால் போதும், ஆழாக்கு மாறாது.

இதில் வெளிவரும் வோல்டேஜ், வினாடிக்கு எத்தனை பொறி என்பதையும் 7.56-ஐயும் ரெசிஸ்டரையும் கப்பாசிட்டரையும் பெருக்கினால் வருவது. எட்டு சிலிண்டர், 8000 ஆர்.பி.எம். மீட்டருக்கு வினாடிக்கு 533 பொறி. 0.01 மைக்ரோஃபாரட், 100 கிலோ ஓம் வைத்தால் 4 வோல்ட் வரும். உங்கள் மீட்டர் 1 மில்லி ஆம்பியரில் முழு அளவுக்குப் போகிறது என்றால், 5 கிலோ ஓம் பல சுற்றுப் பிரீசெட் ஒன்றை மீட்டரோடு வரிசையில் வைத்துச் சரிசெய்துவிடலாம். அந்த 0.01 கப்பாசிட்டர் பாலிஎஸ்டராகவோ பாலிப்ரோப்பிலீனாகவோ இருக்கட்டும். சாதாரண செராமிக் வில்லை எஞ்சின் சூட்டில் மதிப்பு மாறும், சித்திரை வெயிலில் ஒரு எண், மார்கழியில் ஒரு எண் என்று காட்டும். 14 கால் உள்ள ஐசியை வாங்குங்கள். 8 கால் ஐசிக்கு சிக்னல் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போய் வர வேண்டும். 14 காலில் எந்த வோல்டேஜில் எண்ண வேண்டும் என்று நாமே வைக்கலாம்.

புது போர்டைப் பழைய பெட்டிக்குள் அடங்கும்படி வெட்டுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு கவரில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். பின்னால் ஒருவர் அதையே சரிசெய்ய நினைக்கலாம்.

ஊசியை ஒத்துப்பார்ப்பது

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். நம் வீட்டுக் கரண்ட் வினாடிக்கு 50 அலை. 12 வோல்ட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வெளியீட்டை நாலு டையோடு பிரிட்ஜ் வழியாக எடுத்தால் வினாடிக்கு 100 துடிப்பு. ஒரே ஒரு டையோடு வழியாக எடுத்தால் 50. கப்பாசிட்டர் எதுவும் போடாமல், இதை 2.2 கிலோ ஓம் வழியாகப் பொய்ப் பாயின்ட்டின் எல்இடிக்குக் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயின் கரண்டை எதற்கும் நேராகத் தொடாதீர்கள்.

கணக்கு: துடிப்பை 120-ஆல் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் வகுங்கள். 100 துடிப்புக்கு எட்டு சிலிண்டர் மீட்டர் 1500 காட்ட வேண்டும், ஆறு 2000, நாலு 3000. 50 துடிப்புக்கு எல்லாம் அதில் பாதி. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், அதன் 50 நிஜமான 50 இல்லை. மேல் எண்களுக்கு, சின்ன சிக்னல் ஜெனரேட்டர் போர்டு ஒன்றிலிருந்து 5 வோல்ட் சதுர அலையை 330 ஓம் வழியாக எல்இடிக்குக் கொடுங்கள். 400 துடிப்பு என்றால் எட்டு சிலிண்டருக்கு 6000.

கீழே சரி, மேலே தப்பு என்று வந்தால் மேல் எண்ணைச் சரியாக வையுங்கள். ஐடிலில் 50 தள்ளி நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. எஞ்சினைக் காப்பாற்ற வேண்டியது மேல் பாதிதான்.

பேட்டரியின் அடையாளம் அழிந்து எத்தனை செல் என்று தெரியாவிட்டால், இந்தச் சோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். ரெகுலேட்டரைக் குறைந்த வோல்டேஜில் தொடங்கி, 100 துடிப்பில் ஊசி 1500-க்கு வரும் வரை ஏற்றுங்கள். கிடைத்த வோல்டேஜ் 1.35-இன் மடங்குக்குப் பக்கத்தில் இருந்தால் பெட்டி ஆரோக்கியம். நடுவில் எங்காவது தொங்கினால், பெட்டிக்குள் இன்னும் ஒரு ரெசிஸ்டர் விலகியிருக்கிறது. திரும்பப் போய்த் தேடுங்கள்.

வண்டியில்

மீட்டருக்கான 12 வோல்ட்டைச் சாவிக்கு அடுத்த முனையில் எடுங்கள். காயிலுக்கு முன்னால் அதன் கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால் அதைத் தாண்டிய பக்கத்தில் எடுக்கக் கூடாது, அங்கே வோல்டேஜ் பாயின்ட்டோடு சேர்ந்து ஆடும். சிக்னல் ஒயரை பிளக் ஒயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். நாலு விரல் தள்ளியாவது போகட்டும், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். ஊசி நடுங்கினால் மீட்டரைக் கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டைப் பாருங்கள். கருகிய பாயின்ட்டை ஊசி உண்மையாகவே காட்டிக்கொண்டிருக்கலாம்.

கடைசிச் சோதனைக்கு கிராங்க் புல்லியில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டி, வெளிச்சம் அடித்து எண்ணும் ஃபோட்டோ டேக்கோமீட்டரால் பாருங்கள். அது பொறியைப் பார்க்காமல் சுற்றையே நேராக எண்ணுவதால் நம் வேலைக்குச் சரியான சாட்சி.

தண்டையார்பேட்டை ஷெட்டில் பெரியப்பா ஆக்சிலரேட்டரை மிதித்தார், நான் குனிந்து புல்லியைப் பார்த்தேன். கையில் 1980, மீட்டரில் 2000-ஐத் தொட்ட ஊசி. இன்னும் மிதிக்கச் சொன்னேன். கையில் 3010, ஊசி 3000 கோட்டின் மேல். அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. வெகுநேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை மூடும் முன், உள்மூடியில் ஒரு தாள் ஒட்டினேன்: ரெகுலேட்டர் எத்தனை வோல்ட், வண்டி நெகட்டிவ் எர்த், பெட்டி பாசிட்டிவ் எர்த், இரண்டும் தனித்தனி, எட்டு சிலிண்டர், 100 துடிப்புக்கு 1500, எந்தெந்த ரெசிஸ்டர் மாற்றியது, தேதி. பென்சிலால் எழுதியது, மை கடல்காற்றில் ஊறிவிடும்.